ஹெட் கேஸ்கட்டைக் கடைசியாக வாங்குங்கள்: வீட்டிலேயே எஸ்டீம் இன்ஜின் கட்டும் தம்பிக்கு

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் பழைய மாருதி எஸ்டீம் ஒன்று இருக்கிறது, 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுகிற) வண்டி. பின் சீட்டைக் கழற்றி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, வீட்டு ஷெட்டிலேயே அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றிக்கொண்டிருக்கிறார். இன்ஜினைக் கீழே இறக்கியாகிவிட்டது. ஏற்காடு ஏற்றத்தில் நல்ல பிக்கப் வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவை கோவை கரி பந்தய ட்ராக்கில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. "மெட்டல் ஹெட் கேஸ்கட் ஒண்ணு ஆன்லைனில் பார்த்து வச்சிருக்கேன் அண்ணா, மெல்லிசா இருக்கு, கம்ப்ரஷன் ஏறும்னு சொல்றாங்க. வாங்கிடட்டுமா? 0.50 போர் அடிக்கலாமா? வேற என்னென்ன பார்ட்ஸ் மாத்தணும்?"

இப்போதைக்கு வாங்காதீர்கள் தம்பி. இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கட்; நீங்கள் பார்த்ததில் குறை எதுவும் இல்லை. ஆனால் எந்த வகை கேஸ்கட் என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும், எத்தனை தடிமன் என்பதைக் கடைசி நாளில்தான் முடிவு செய்ய முடியும். நடுவில் ஹெட்டையும் பிளாக்கையும் அளந்து, சரி செய்து, திரும்பவும் அளக்கிற வேலை இருக்கிறது. அதற்கு முன்னால் கேஸ்கட் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி. 27 வருடமாக சூரமங்கலம் பக்கம் போர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் பரப்பைச் சீவிச் சமமாக்குவது) வேலைதான் செய்கிறேன். கேஸ்கட் போய்விட்டது என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கேஸ்கட் நல்லதாகத்தான் இருந்தது. அது உட்கார்ந்த இடம்தான் சரியில்லை.

அந்த மெல்லிய பொருள் என்ன பாடு படுகிறது என்று ஒரு கணக்குப் பாருங்கள். உங்கள் இன்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 74 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., நான்கு சிலிண்டரும் சேர்த்து 1298 சிசி. ஒரு சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 43 சதுர செ.மீ. பெட்ரோல் எரியும்போது உச்ச அழுத்தம் சதுர செ.மீ.க்கு 60 கிலோ என்று வைத்தால், ஒவ்வொரு வெடிப்பும் ஹெட்டை இரண்டரை டன் விசையோடு மேலே தூக்கப் பார்க்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டரில் மட்டும் நொடிக்கு 25 தடவை இது நடக்கிறது. பக்கத்திலேயே ஒரு பக்கம் எண்ணெய் ஏறுகிற துளை, இன்னொரு பக்கம் கொதிநிலைக்கு நெருக்கமான தண்ணீர். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்து வைக்க வேண்டிய பொருள் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கிறது.

வகைக்கு வருகிறேன். கம்பெனி ஃபிட்டிங்கில் பழைய வண்டிகளுக்கு வருவது காம்போசிட் கேஸ்கட். நடுவில் தகடு, இரண்டு பக்கமும் கிராஃபைட் அல்லது நார்ப் பொருள், சிலிண்டர் வாயைச் சுற்றி ஸ்டீல் வளையம். இது கொஞ்சம் மெத்தென்று இருக்கும், பரப்பில் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். நீங்கள் பார்த்து வைத்திருப்பது எம்.எல்.எஸ்., அதாவது பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட். ஸ்பிரிங் மாதிரி துள்ளும்படி கெட்டியாக உருட்டிய 301 கிரேடு ஸ்டெயின்லெஸ் தகடுகளை அடுக்கி, துளைகளைச் சுற்றி சன்னமான புடைப்பு அழுத்தி, மேலும் கீழும் மெல்லிய ரப்பர் பூச்சு கொடுத்திருப்பார்கள். இரும்பாலை இருக்கிற ஊர்க்காரருக்கு ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வளைத்துவிட்டால் திரும்பி நிமிர்கிற அந்தத் துள்ளல்தான் இதன் பலம். ஹெட் லேசாக எழும்பினாலும் புடைப்பு கூடவே எழும்பி அடைத்துக்கொள்ளும். காம்போசிட்டில் அந்தத் திறன் குறைவு.

அதே காரணத்தால் எம்.எல்.எஸ். எதையும் மன்னிக்காது. அது உட்காரும் பரப்பு 0.8 மைக்ரான் ஆர்.ஏ. (சராசரி சொரசொரப்பு) அளவுக்கு வழவழப்பாக இருந்தால் நல்லது, 1.3-க்கு மேல் போகக்கூடாது. காம்போசிட் 2 மைக்ரான் சொரசொரப்பிலும் உட்காரும், சொல்லப்போனால் கொஞ்சம் பிடிமானம் இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும். அதனால்தான் ஃபேசிங்குக்கு ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "என்ன கேஸ்கட் போடப்போறீங்க?" என்றுதான்.

இந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்ட ஒரு நாள் உண்டு. வாடிக்கையாளர் ஒருவர் தன் காரின் ஹெட்டைக் கொண்டுவந்தார். அவசரம், மறுநாள் வேண்டும் என்றார். வழக்கமான கேஸ்கட்தான் போடுவார் என்று நானே நினைத்துக்கொண்டு, வழக்கமான ஃபீடிலேயே (நகரும் வேகத்திலேயே) கட்டரை ஓட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் கையில் வெளிநாட்டு எம்.எல்.எஸ். இருந்தது எனக்குத் தெரியாது. மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் குடும்பத்தோடு ஏற்காடு போகும்போது பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வளைவோரம் வண்டியை நிறுத்திவிட்டு போன் செய்தார். ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கேஸ்கட்டின் கறுப்புப் பூச்சு ஹெட்டில் அச்சாகப் பதிந்திருந்தது. கட்டர் போன வில் வில்லான கோடுகள் அந்த அச்சுக்குள் தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே ஒரு கோட்டின் பள்ளம் வழியாகவே காற்று கசிந்து தண்ணீர்ப் பாதைக்குள் போயிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் டிக் டிக் என்று தட்டியது. கேஸ்கட்டில் ஒரு குறையும் இல்லை. திரும்ப ஃபேஸ் அடித்து, கேஸ்கட் காசும் என் கையிலிருந்து கொடுத்தேன். குழந்தைகளோடு மலையில் நின்ற அவருடைய மூன்று மணி நேரத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ஆக, உங்கள் வண்டிக்கு எது? ஹெட்டையும் பிளாக்கின் மேல் பரப்பையும் இரண்டையுமே நல்ல மெஷினில் ஃபேஸ் அடிக்கத் தயார் என்றால் எம்.எல்.எஸ். போடுங்கள். ஹெட் மட்டும்தான் அடிப்பேன், பிளாக்கைக் கையால் சுத்தம் செய்துகொள்வேன் என்றால் நல்ல காம்போசிட்டே போதும். டர்போ இல்லாத 85 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது குறைவான பொருள் அல்ல. தால்ப்ராஸ், பாங்கோ மாதிரி நம் நாட்டுத் தயாரிப்புகள் இருக்கின்றன, கம்பெனி ஸ்பேர்ஸும் இருக்கிறது. செம்புத் தகட்டு கேஸ்கட்டைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், போட வேண்டாம். அது பந்தயத்துக்கு. தண்ணீர்ப் பாதையை அடைப்பதில் தினசரி வண்டிக்கு ஓயாத தொல்லை. கடையில் கேட்கும்போது 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. என்று அழுத்திச் சொல்லுங்கள். பழைய கார்பரேட்டர் எஸ்டீமின் 8 வால்வு கேஸ்கட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். பார்சலைப் பிரித்ததும் பழைய கேஸ்கட்டின் மேல் புதியதை வைத்து எல்லாத் துளையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் இடத்தில்தான் வீட்டில் வேலை செய்கிற பலரும் தவறு செய்கிறார்கள். கிரைண்டரிலோ டிரில்லிலோ சொரசொரப்பான டிஸ்க் மாட்டித் தேய்த்தால் இரண்டு நிமிடத்தில் பளபளப்பாகிவிடும். உங்கள் இன்ஜினில் ஹெட்டும் அலுமினியம், பிளாக்கும் அலுமினியம், உள்ளே வார்ப்பிரும்பு லைனர். அலுமினியத்தில் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாத குழி பறிக்கும். அதைவிட மோசம், டிஸ்க்கிலிருந்து உதிரும் துகள் எண்ணெய்ப் பாதைக்குள் போய் பேரிங்கைத் தின்றுவிடும். கேஸ்கட் ரிமூவர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் அல்லது கட்டைச் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். துளைகளில் எல்லாம் துணியை அடைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரொம்பப் பழைய ஸ்டாக் கேஸ்கட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், மாஸ்க் போடுங்கள்.

சுத்தமானதும் ஸ்ட்ரெயிட் எட்ஜை ஹெட்டின் மேல் நீளவாக்கில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும், குறுக்காக ஓரங்களிலும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங் கட்டாயம். ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்காதீர்கள், அதுவே வளைந்திருக்கும். கூடவே தண்ணீர்த் துளைகளின் ஓரத்தையும் பாருங்கள். போர்வெல் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் அலுமினியம் அரித்து, துளை வாய் அகன்று, கேஸ்கட்டின் வளையம் வரைக்கும் வந்திருக்கும். ஃபேசிங்கில் அது போகாவிட்டால் ஆர்கான் வெல்டிங் வைத்து நிரப்பித் திரும்ப ஃபேஸ் அடிக்க வேண்டும். அதற்குப் பயந்து விட்டுவிட்டால் எந்த கேஸ்கட்டும் நிற்காது.

இனி தடிமன். 0.50 ஓவர்சைஸ் போரில் பவர் ஏறுமா என்றீர்கள். 74.5 மி.மீ. போர் அடித்தால் இன்ஜின் 1316 சிசி ஆகும், வெறும் 18 சிசிதான் கூடுதல். லைனர் தேய்ந்திருந்தால், முட்டை வடிவம் ஆகியிருந்தால் போர் அடியுங்கள். பவருக்காக என்றால் வேண்டாம், இருக்கிற லைனரை ஹோன் பண்ணி (கல்லால் லேசாகத் தேய்த்து) ரிங் மாற்றினால் போதும். போர் அடித்தால் ஒன்றைக் கவனியுங்கள்: கேஸ்கட்டின் வட்ட வாய் சிலிண்டர் வாயைவிடப் பெரிதாக, சுற்றிலும் ஓரம் விட்டு உட்கார வேண்டும். அதன் விளிம்பு சிலிண்டருக்குள் துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் சூட்டில் கனன்று, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான்.

கம்ப்ரஷன் விஷயம். சிலிண்டருக்குள் வந்த கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்பதுதான் அது; கணக்குக்காக உங்கள் இன்ஜின் இப்போது 9.5-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 324.7 சிசி. அப்படியென்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 38.2 சிசி. கேஸ்கட் வாய் 75 மி.மீ. என்றால், தடிமனில் அரை மி.மீ. குறைத்தால் 2.2 சிசி குறையும். மிச்சம் 36 சிசி. கம்ப்ரஷன் 10-ஐத் தொட்டுவிடும். ஃபேசிங்கில் எடுப்பதும் இதே பக்கம்தான் தள்ளும். ஹெட்டில் 0.2 எடுத்துவிட்டு, பிளாக்கில் 0.1 எடுத்துவிட்டு, அதன் மேல் முன்கூட்டியே வாங்கி வைத்த மெல்லிய கேஸ்கட்டையும் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். கடைசியாக வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான். நல்ல எம்.எல்.எஸ். கம்பெனிகள் ஒரே இன்ஜினுக்குப் பல தடிமனில் தருகிறார்கள். எவ்வளவு எடுத்தோமோ அதற்கு ஏற்ற தடிமனைப் பொறுக்கி, போன கனத்தைத் திருப்பிக் கொடுக்கவும் அதே கேஸ்கட்டைப் பயன்படுத்தலாம்.

சேம்பரின், அதாவது ஹெட்டில் பெட்ரோல் எரிகிற குழியின், கொள்ளளவை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஹெட்டைக் கவிழ்த்து மேஜையில் வையுங்கள், வால்வும் பிளக்கும் மாட்டியிருக்கட்டும். சேம்பர் ஓரத்தில் கிரீஸ் தடவி, சின்னத் துளை போட்ட கெட்டி அக்ரிலிக் தகட்டை மேலே அழுத்துங்கள். மெடிக்கல் ஷாப் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் ஏற்றி, தகட்டின் அடியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிறையும் வரை விடுங்கள். எத்தனை மில்லி போயிற்றோ அத்தனை சிசி. நான்கு சேம்பரையும் அளந்து எழுதி வையுங்கள். அளந்துகொண்டிருக்கும்போதே வால்வு வழியாக மண்ணெண்ணெய் போர்ட்டுக்குள் இறங்கினால் அந்த வால்வு சீட் சரியாக உட்காரவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி பார்க்க, சால்டரிங் ஈயக் கம்பியில் சின்னத் துண்டுகளை வெட்டி பிஸ்டன் பின் இருக்கிற திசையில் இரண்டு ஓரத்திலும் கிரீஸ் வைத்து ஒட்டி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை மாட்டி, கையால் கிராங்க்கை ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றி, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளந்தால் இடைவெளி கைக்கு வந்துவிடும். 1 மி.மீ. பக்கம் இருந்தால் அருமை, 0.8-க்குக் கீழே போகவே கூடாது. அதே மாதிரி வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணை வைத்துப் பாருங்கள். அப்போது டைமிங் பெல்ட் சரியான குறியில் மாட்டியிருக்க வேண்டும்.

10-க்கு மேல் கம்ப்ரஷன் ஏற்றாதீர்கள் என்பது என் முடிவு. அரை பாயின்ட் கம்ப்ரஷனில் கிடைப்பது ஒன்று, ஒன்றரை குதிரைத்திறன். அதற்கு விலை நாக்கிங் பயம், அதாவது கலவை சீராக எரியாமல் தானாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது. மே மாதம் மத்தியானம் அடிவாரத்தில், காற்றே 40 டிகிரியில் உள்ளே போகும்போது, இரண்டாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் மிதிக்கிறீர்கள். நாக்கிங்குக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. மேலே போகப் போக அது தானாகக் குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் பக்கம், ஏற்காடு 1500 மீட்டர் பக்கம். அங்கே காற்றழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. 85 குதிரையில் 10 குதிரையை மலையே எடுத்துக்கொள்கிறது. கேஸ்கட்டில் ஒரு குதிரை தேடுவதைவிட, இருக்கிற 85-ம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிக்கப்புக்கு வழி. 10-க்குக் கொண்டுபோனால் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) பெட்ரோலையே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேஸ்கட்டுக்குப் பெயர் கிடைக்கிறது, வேலை செய்வது போல்ட். நீங்கள் டார்க் ரெஞ்சில் கொடுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மற்ற ஒன்பது பங்கும் மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் உராய்வில் போகிறது. அதனால் மரையில் துருவோ பிசுக்கோ இருந்தால், ரெஞ்சு 'டிக்' என்று சொல்லும், போல்ட் பாதிதான் இழுபட்டிருக்கும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மேனுவல் எண்ணெய் போடச் சொன்னால் மட்டும், சொன்ன இடத்தில் மட்டும் ஒரு துளி போடுங்கள். பிளாக்கின் போல்ட் துளைக்குள் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அடியில் திரவம் சிக்கிக்கொண்டால் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். கம்ப்ரஸர் காற்று அடித்து, துணியைச் சுற்றிய குச்சியை விட்டு எடுத்துப் பாருங்கள்; துணி உலர்ந்து வர வேண்டும். கண்ணில் படும் தெறிப்புக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

முறுக்குவது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டமாக. டார்க் அளவை யூடியூபில் பார்த்துப் போடாதீர்கள், உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதையே போடுங்கள். கேஸ்கட் கம்பெனி தன் தாளில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதை. பழைய போல்ட்களை வரிசையாக நிறுத்தி உயரம் பாருங்கள். ஒன்று மட்டும் நீண்டிருந்தால், அல்லது மரைக்கு மேலே கழுத்து மெலிந்திருந்தால், முழு செட்டும் மாற்றுங்கள். காம்போசிட் என்றால் ஓடி ஆறிய பிறகு திரும்ப ஒரு தடவை டார்க் பார்க்கச் சொல்லியிருப்பார்கள், எம்.எல்.எஸ்.ஸுக்கு அது தேவைப்படாது. எதுவானாலும் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போதுதான். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், சூடாக இருக்கையில் போல்ட்டின் இழுப்பு கூடுதலாகக் காட்டும். ஹெட் கேஸ்கட்டின் இரண்டு பக்கமும் ஷெல்லாக் பூசுகிற பழக்கம் லாரி வேலையிலிருந்து வந்தது. இதற்கு வேண்டாம், வெறுமனே வையுங்கள்.

மற்ற கேஸ்கட்டுகள். இன்டேக் மேனிஃபோல்டில் கசிவு இருந்தால் கலவை மெலிந்து நாக்கிங் வரும். ஸ்டார்ட் ஆனதும் இணைப்பு ஓரத்தில் கார்ப் கிளீனரைத் துளி அடித்துப் பாருங்கள், ஐடில் மாறினால் அங்கே கசிவு. எக்ஸாஸ்ட் சூடாக இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம், தீப்பிடிக்கும். ஹெடர் (தனிக் குழாய்களாக வரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) மாட்டப் போகிறீர்கள் என்றால் அதன் ஃபிளேஞ்ச் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய ஃபிளேஞ்ச் வெல்டிங்கிலேயே வளைந்து வரும். அதற்கு ஸ்டீல் அடுக்கு அல்லது கிராஃபைட் கேஸ்கட். சம்ப்புக்கு (அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு) சிலிக்கான் பேஸ்ட் போடும்போது சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை வாங்கி, மூன்று மி.மீ. கனத்தில் ஒரே கோடாக, போல்ட் துளையின் உள்பக்கமாகச் சுற்றி இழுங்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் ஸ்ட்ரெயினரில் போய் அடைக்கும்.

கிராங்க்கின் முன் சீல், பின் சீல், கேம் சீல் மூன்றும் இன்ஜின் வெளியே இருக்கும் இப்போதே மாற்றுங்கள். பின் சீலுக்காக மட்டும் கியர்பாக்ஸை மறுபடி இறக்குவது வீண் வேலை. சீல் உதடு ஓடிய இடத்தில் கிராங்க்கில் பள்ளம் விழுந்திருந்தால், புது சீலை ஒரு மி.மீ. தள்ளி உட்கார வைத்து, தேயாத இடத்தில் ஓடவிடுங்கள்.

ரப்பருக்கு வருகிறேன். இன்று பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி செய்த காலத்தில் இது கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை ஊத வைத்து வெடிப்பு விட வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகள், பெட்ரோல் ஹோஸ், பம்ப் சீல் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் ரப்பர் வகையில் மாற்றிவிடுங்கள். செலவு சில ஆயிரத்துக்குள் முடிகிற வேலை, ஆனால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிவது உயிர் விஷயம். எத்தனால் கூடினால் கலவையும் மெலியும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்றால், இதற்கு 13.5 பக்கம். ஹெடர், ஃபில்டர் எல்லாம் மாற்றியபின் ஏர் ஃப்யூயல் மீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

பணத்தை எங்கே போடுவது? ஃபோர்ஜ்டு பிஸ்டன் வேண்டாம், டர்போ வைக்காதவரை கம்பெனி பிஸ்டனே தாங்கும். புது ரிங்கின் வாயை (இரு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை) 74 மி.மீ. போருக்கு 0.30 மி.மீ. அளவில் ஒவ்வொன்றாக அளந்து போடுங்கள். வால்வை அதிகம் திறக்கிற பெரிய கேம்ஷாஃப்ட்டும் வேண்டாம் என்பேன். அது 6000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இழுக்கும், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசியிலும் நீங்கள் வெளியே வருவது 2000-த்தில். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பந்தயக் கார்களில் ஓடியது ஸ்விஃப்டின் 1.3 லிட்டர், உங்கள் இன்ஜினின் அதே குடும்பம். அதனால் கோவைப் பக்கம் இந்த இன்ஜினைக் கைபோல அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கேம் பற்றி யோசனை வந்தால் ட்ராக்கில் அவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என்னைக் கேட்டால் முதல் காசு வால்வு வேலைக்கு. சீட்டை 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டி, கைடு ஆட்டம் பார்த்து, வால்வுத் தண்டில் எண்ணெயைத் தடுக்கிற 16 ஸ்டெம் சீலும் புதிதாகப் போடுங்கள். போன பவர் திரும்பி வருவது இங்கேதான். அடுத்தது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். மலையில் வேகம் குறைவு, காற்று குறைவு, சூடு அதிகம். 1500 மீட்டரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதை 115-க்கு மேல் தள்ளி வைப்பது ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்தான். அந்த மூடியைப் புதிதாக வாங்குங்கள். கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். மூன்றாவது பிரேக். ஏறுவதற்கு இன்ஜின் கட்டுகிறவர் இறங்குவதற்கும் பேட், டிஸ்க், ஃபுளூயிட் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். வேறு இன்ஜின் வைக்கிற எண்ணம் பின்னால் வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும், இன்ஷூரன்ஸும் அதைப் பொறுத்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை விட்டு, அணைத்து, இரவு முழுக்க ஆற விடுங்கள். காலையில் கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் காற்று வெளியேறியிருக்கலாம், ஊற்றுங்கள். இரண்டாம் நாளும் குறைந்தால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவ டெஸ்டர் வைத்துச் சோதியுங்கள். திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது, ஹெட்டைத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

முதல் மலை ஏற்றத்தை விடியற்காலையில் வையுங்கள், முழு மிதி வேண்டாம். இறங்கும்போது இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு இறங்குங்கள். அப்போது இன்டேக்கில் உறிஞ்சல் கடுமையாக இருக்கும், ஸ்டெம் சீல் சரியில்லாவிட்டால் எண்ணெயை உள்ளே இழுக்கும். அடிவாரம் வந்து சமவெளியில் ஒரே அழுத்தாக மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். நீலப் புகை ஒன்றும் வரவில்லை என்றால் வால்வு வேலை நன்றாக அமைந்திருக்கிறது.

500 கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுங்கள். ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், ஆக்ஸா பிளேடால் ஓரத்தைச் சுற்றி அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை வெள்ளைத் துணியில் விரித்துப் பிழியுங்கள். வெள்ளி நிறத்தில் மெல்லிய மினுமினுப்பு இருந்தால் புது ரிங் உட்கார்ந்ததன் தேய்மானம், கவலை இல்லை. நகத்தில் தட்டுப்படுகிற செதில் இருந்தால் பேரிங், வண்டியை நகர்த்தாதீர்கள். சம்ப்புக்குப் போட்ட சிலிக்கானின் நிறத்தில் ரப்பர் துணுக்கு இருந்தால், சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெயினரைத் துடைத்துவிட்டு, அடுத்த தடவை கோட்டைச் சன்னமாக இழுங்கள். அளந்து எழுதிய தாளோடு ஹெட்டையும் பிளாக்கையும் எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும், மெஷினில் ஏற்றும் முன் என்ன கேஸ்கட் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள் தம்பி. என்னைப்போல அந்தப் பட்டறைக்காரரும் கேட்க மறந்திருக்கலாம்.